கேஸ் கீசர்: மணமற்ற நச்சு வாயுவிலிருந்து பாதுகாப்பு
2025 அக்டோபரில், மைசூரு மாவட்டம் பிரியாபட்டணாவில் குளிக்கச் சென்ற சகோதரிகள் இருவர், கேஸ் கீசர் வெளியிட்ட வாயுவைச் சுவாசித்து உயிரிழந்தனர். செங்கல்பட்டு மாவட்டத்தில் இக்கருவியைப் பயன்படுத்துவோருக்கும் இது எச்சரிக்கையாகும்.

காற்றோட்டமற்ற அறையில் எரிவாயு முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. சமையல் எரிவாயுக் கசிவை மணம் காட்டிக்கொடுக்கும். இவ்வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியில் உப்புக்காற்று புகைக்குழாயை அரிக்கும்; மழைக்காலத்தில் சன்னல்களும் மூடப்படும். எனவே கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்துங்கள். புகைக்குழாய் திறந்தவெளியில் முடிகிறதா, துருப்பிடித்துள்ளதா என ஆண்டுதோறும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே வெளியேறுங்கள். மயங்கியவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் இயல்பான அளவையே காட்டக்கூடும். அதை நம்பிக் காத்திராமல், கீசர் பயன்படுத்தியதை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.