மேஜைமீது இல்லாத பணம்

அமெரிக்க நாட்டில் வளர்ந்து உலகெங்கும் பரவிய போக்கர் என்னும் சீட்டாட்டத்துக்கு ஒரு முக்கிய விதி உண்டு. சீட்டுப் போடும்போது எவன் எவ்வளவு பணத்தை மேஜைமீது வைத்திருக்கிறானோ, அவ்வளவுதான் அவன் பணயம். ஆட்டத்தின் நடுவே சட்டைப் பையில் கைவிடக் கூடாது; கடன் வாங்கிக் கட்டவும் கூடாது. எதிரி ஆயிரம் கட்டினாலும், நூறு வைத்திருப்பவன் அந்த நூறோடு நிற்கலாம். ஜெயித்தால் ஒவ்வொருவரிடமிருந்தும் நூறுதான் அவனுக்கு. மிச்சத்தை மற்றவர்கள் தங்களுக்குள் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மரியாதைகளும் உண்டு. தன் முறை வருமுன் வாய் திறக்கலாகாது. ‘ஐம்பது’ என்று சொல்லிவிட்டால் ஐம்பது கட்டியே ஆகவேண்டும். கொஞ்சம் வைத்து, எதிரியின் முகத்தைப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம் சேர்க்கலாகாது. தோற்றவனை ஏளனம் செய்யலாகாது.

அடடா, சூதிலும் இத்தனை நாணயமா என்று வியக்கத் தோன்றும். ஆனால் தோழர்களே, இந்த விதிகள் எதைக் காக்கின்றன? மேஜையைக் காக்கின்றன. ஆடுகிறவனின் வீட்டை அல்ல!

பாரதக் கதையின் தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னையும் வைத்துத் தோற்றான். அதன் பிறகு துரோபதையை வைத்தான். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று அவள் சபையில் கேட்டாள். பீஷ்மர் முதலான பெரியவர்களால் நேரான பதில் சொல்ல முடியவில்லை. சம்பளத்தைச் செல்பேசிச் சூதில் தொலைத்த தொழிலாளியின் மனைவி கேட்பதும் அதே கேள்விதான். செல்பேசிக்கு மேஜை ஏது? வங்கிக் கணக்கும் கடன் செயலியும் வீட்டு நகையும் அதற்குப் பணயமே.

‘இது திறமை ஆட்டம்’ என்பார்கள். 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையச் சூதைத் தடுக்கச் சட்டம் செய்து, ரம்மியையும் போக்கரையும் அதில் சேர்த்தது. மசோதா கிடப்பில் கிடந்து, திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், இவ்விரண்டும் திறமை ஆட்டங்களே என்று கூறி, அவற்றுக்கு அந்தத் தடை செல்லாது என்றது.

திறமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயுடன் உட்காருகிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் குவியும் பணத்திலிருந்து நடத்துகிறவன் பத்து ரூபாய் கமிஷன் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு ஆட்டம் முடிந்தால் ஆறாயிரமும் அவன் பெட்டியில்! சீட்டைத் தொடாமலே ஜெயிப்பவன் அவன் ஒருவன்தான். திறமைசாலி ஒருவன் தப்பினால், அவன் பங்கையும் சேர்த்து இழப்பது மற்ற ஐவர். உழைக்காமல் உழைப்பவன் பணத்தை உறிஞ்சும் சுரண்டலுக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் வேண்டுமா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. பல நிறுவனங்கள் அத்தகைய ஆட்டங்களை நிறுத்தின. வரவேற்கிறோம். ஆனால் கதவை அடைத்தால் ஜன்னல் தேடுகிறவர்கள் முதலாளிகள். வெளிநாட்டுத் தளங்களையும் சட்டம் எட்டிப் பிடிக்க வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஆலை வாயிலில், டீக்கடையில், சங்கக் கூட்டத்தில் இந்தக் கமிஷன் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். தோற்று நிற்கும் தோழனை ஏளனம் செய்யாதீர்கள். கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகுமுன் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். கூலி உயர்வுக்காகப் போராடிப் பெற்ற காசு, எவனோ ஒருவனுடைய கமிஷனாகக் கரைய விடலாமா?