பி.சி.ஆர் பொய் சொல்லவில்லை. அதன் பெயரில் பேசியவர்கள்தான் பொய் சொன்னார்கள்



ஊர் வட்சப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. "சளி கேட்டா குடுக்காதீங்க. இதுவும் அந்தப் பி.சி.ஆர் மெஷின்தான். அத வச்சித்தானே நம்மட மையித்த எரிச்சாங்க." இருமிக்கொண்டிருப்பவர்களைக் காசநோய்ப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுக்கிற பதிவு இது. இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. நீளமான பதிவுதான், முழுசாக வாசியுங்கள்.

கோபம் நியாயமானது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான பிள்ளையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிந்த மையித்து அதனால் திரும்பி வரவில்லை.

ஆனால் குற்றவாளி யார் என்பதில் தவறக்கூடாது.

பி.சி.ஆர் என்ன செய்கிறது? மாதிரியில் இருக்கும் டீ.என்.ஏயைச் சூடாக்கினால் இரண்டு இழையாகப் பிரியும். ஆறவிட்டால், தேடுகிற கிருமிக்கென்றே செய்த சிறு துண்டுகள் உரிய இடத்தில் போய் ஒட்டும். ஒரு நொதியம் மீதியை நிரப்பும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். கொரோனா ஆர்.என்.ஏ வைரஸ் என்பதால் முதலில் அதை டீ.என்.ஏயாக மாற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இதன் முடிவு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: இந்த நுண்ணங்கியின் மரபுத் துண்டு இந்த மாதிரியில் இருக்கிறது. அது உயிரோடு இருக்கிறதா, இன்னொருவருக்குத் தொற்றுமா என்று சொல்லாது. முட்டையோடு கிடந்தால் இங்கே முட்டை இருந்தது என்று தெரியும். அந்த ஓட்டில் குஞ்சு பொரிக்குமா?

தென்கொரியாவில் 2020இல் குணமான பலருக்கு மறுபடி பொசிட்டிவ் வந்தது. 108 பேரின் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றில்கூட உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. வைரஸுக்குப் பெருக உயிருள்ள கலம் வேண்டும் என்பது ஏ.எல் உயிரியல் பிள்ளைக்கே தெரியும். அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால், மையித்து நிலத்தடி நீரை நஞ்சாக்கும் என்று எந்த மெஷின் சொன்னது? எந்த மெஷினும் சொல்லவில்லை. மனிதர்கள் சொன்னார்கள். தங்கள் வெறுப்புக்கு விஞ்ஞானத்தின் வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார்கள். இன்று நாம் மெஷினைத் திட்டும்போது, "விஞ்ஞானம்தான் சொன்னது" என்ற அவர்களுடைய பொய்யை நாமே உறுதிப்படுத்திக் கொடுக்கிறோம். யோசித்துப் பாருங்கள்.

"கண்டுபிடிச்ச ஆளே இத நோய்க்குப் பாவிக்க ஏலாதுன்னு சொன்னாரே" என்று சிலர் வருவார்கள். கெரி முல்லிஸ் 2019 ஓகஸ்டில் இறந்துவிட்டார். கொரோனா வந்தது அதற்குப் பிறகு. அதைப் பற்றி அவர் எப்படிப் பேசியிருப்பார்?

இனி காசநோய்க்கு வருவோம். நுணுக்குக்காட்டியில் கிருமி கண்ணில் பட ஒரு மில்லிலீற்றர் சளியில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற மெஷினும் பி.சி.ஆர் முறைதான். அதற்குச் சில நூறு கிருமிகளே போதும். சுமார் இரண்டு மணித்தியாலத்தில் முடிவு வரும், ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதையும் சேர்த்தே சொல்லும். இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்து தொடங்கிய பிறகு குணமாகிறதா என்று பார்க்க வைத்தியர்கள் இந்த மெஷினை நம்புவதில்லை, ஏனென்றால் செத்த கிருமியின் டீ.என்.ஏயையும் அது பிடித்துவிடும். அதற்கு நுணுக்குக்காட்டியும் வளர்ப்பும்தான். நேர்மையானவர்கள் ஒரு கருவியைப் பாவிக்கும் விதம் இதுதான்: அதன் பலமும் தெரியும், எல்லையும் தெரியும்.

சளி கொடுக்க மறுக்கிறவர் அரசாங்கத்தைத் தண்டிக்கவில்லை. பக்கத்துப் பாயில் படுக்கிற தன் பிள்ளையைத்தான் தண்டிக்கிறார். அரசாங்க மார்புநோய் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம். பெரும்பாலும் ஆறு மாதத்தில் குணமாகும்.

பள்ளி நிர்வாகிகளே, ஜும்ஆவுக்குப் பிறகு இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளை உயிரியல் படிக்கவிடுங்கள். ஆய்வுகூடத்துக்குள்ளும் நிபுணர் குழுவுக்குள்ளும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும். அடுத்த முறை யாராவது "விஞ்ஞானம் சொல்கிறது" என்று வந்தால், "எந்த மாதிரி? எந்தப் பரிசோதனை? உயிருள்ளதா, வெறும் துண்டா?" என்று கேட்க ஆள் வேண்டும். 2020இல் அப்படிக் கேட்டவர்களின் குரலை அமுக்கினார்கள். ஊரே கேட்டால் அமுக்க முடியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? நாளைக் காலையிலேயே போய்ச் சளியைக் கொடுங்கள். அந்தக் குரல்பதிவு வந்த குழுக்களிலெல்லாம் இதையும் போடுங்கள்.