ஒரே நாளில் கிரேட் ஓஷன் ரோடா?

மெல்போர்னுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மூர்ப் பசங்க நாலு பேர் ஒரு வீட்டில் சேர்ந்துவிட்டால், முதல் நீண்ட விடுமுறையில் நடக்கப்போவது இதுதான். வாடகைக்கு ஒரு கார். காலை ஐந்து மணிக்கு அலாரம். டப்பாவில் புளியோதரை, பை நிறைய சிப்ஸ். "கிரேட் ஓஷன் ரோடு போறோம், ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ் பாக்குறோம், ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்குறோம்!" அவ்வளவுதான் திட்டம். சுற்றுலாப் பேருந்துகள் விற்பதும் இதே திட்டத்தைத்தான். என்ன, புளியோதரை மட்டும் இருக்காது.

இந்த ஒரு நாள் ஓட்டம் பயணமே இல்லை. காசு, பெட்ரோல், தூக்கம் மூன்றையும் கொடுத்து ஒரு புகைப்படம் வாங்கும் வியாபாரம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கடலோரமாகவே போய், உள்நாட்டு வழியாகத் திரும்பினால் மொத்தம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அதில் பாதி வளைவும் நெளிவுமான ஒற்றைத் தடச் சாலை. எப்படி ஓட்டினாலும் ஸ்டியரிங் பின்னாலேயே எட்டு மணி நேரம் போய்விடும். பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறை வரிசைக்கு ஒன்றரை மணி நேரம். மிச்சம் இருப்பது இரண்டு, இரண்டரை மணி நேரம். அதற்குள்தான் கடல், காடு, பாறை, அருவி எல்லாம்! பின் சீட்டில் இருப்பவர்கள் பாதி தூரம் தூக்கம், மீதி தூரம் வாந்தி. ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவது முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் மட்டும்.

சரி, அப்படி விரட்டிப் போய்ப் பார்க்கும் "பன்னிரண்டு" பாறைகளாவது பன்னிரண்டா என்றால், அதுவும் இல்லை! எப்போதுமே இருந்ததில்லை. 2005க்கு முன்பே ஒன்பதுதான். அந்த ஆண்டு ஜூலையில் சுமார் 50 மீட்டர் உயரமான தூண் ஒன்று சில நொடிகளில் இடிந்து கடலில் குவிந்தது. "பன்றியும் குட்டிகளும்" என்ற பழைய பெயரில் கூட்டம் சேராது என்றோ என்னவோ, இயேசுவின் சீடர்கள் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாமே சுண்ணாம்புப் பாறை. அலை அடியில் அரிக்கிறது, குகை ஆகிறது, குகை வளைவாகிறது, வளைவு இடிந்தால் தனித்தூண், தூணும் ஒரு நாள் விழும். பக்கத்தில் "லண்டன் பிரிட்ஜ்" என்ற பாறை வளைவு 1990 ஜனவரியில் பாதி இடிந்தபோது, அந்தப் பக்கம் சிக்கிய இரண்டு பேரை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. இத்தனைக்குப் பிறகும் வேலியைத் தாண்டி விளிம்பில் நின்று படம் எடுக்கும் வீரர்களுக்குப் பஞ்சமில்லை!

ஆனால் உண்மையான வருத்தம் பாறைகளைப் பற்றியது அல்ல. அவற்றுக்குப் போகும் வழியைப் பற்றியது. அவசரத்தில் எல்லோரும் கடந்து போகும் அந்தச் சாலைதான் அங்கே பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

டார்க்கீயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியாவின் மக்கள் தொகை ஐம்பது லட்சம்கூட இல்லை. இறந்தவர்கள் 60,000க்கும் மேல். உயிரோடு திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை வேண்டும், திரும்பாதவர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும். இரண்டையும் சேர்த்து யோசித்ததன் விளைவு இந்தச் சாலை. 1919இல் வேலை தொடங்கியது. சுமார் 3,000 முன்னாள் வீரர்கள் கடப்பாரை, மண்வெட்டி, குதிரை வண்டி, வெடிமருந்து ஆகியவற்றை வைத்துக்கொண்டு செங்குத்தான மலைச் சரிவைக் குடைந்தார்கள். கூடாரத்தில் தங்கினார்கள். வேலையின்போது சிலர் இறந்தும் போனார்கள். அரசாங்கம் கட்டித் தரவில்லை. ஜீலாங் மேயராக இருந்த ஹோவர்டு ஹிட்ச்காக் தலைமையில் ஓர் அறக்கட்டளை நன்கொடை திரட்டியது. சாலை 1932 நவம்பரில் திறக்கப்பட்டது. ஹிட்ச்காக் அதைப் பார்க்கவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். திறப்பு விழா ஊர்வலத்தில் அவருடைய கார் மட்டும் ஆளுநரின் காருக்குப் பின்னால் போனது.

சோகம் மட்டுமல்ல, சிரிப்பும் உண்டு. 1924இல் கேப் பாட்டன் அருகே கேசினோ என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி, பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளியது. கரையில் ஒதுங்கியது அத்தனையும் சாலைத் தொழிலாளர்கள் கைக்கு! இரண்டு வாரம் வேலை நின்றது என்று கதை.

ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே மரத்தாலான நினைவு வளைவு நிற்கிறது. பக்கத்தில் இரண்டு தொழிலாளர்களின் வெண்கலச் சிலை. ஒரு நாள் ஓட்டக்காரர்கள் இங்கே நிற்பது ஐந்து நிமிடம். வளைவின் கீழே குதித்து ஒரு படம், உடனே "கிளம்புங்கடா, லேட் ஆகுது". போரில் செத்துப்போனவர்களின் நினைவிடத்தில் நிற்கிறோம் என்று அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பேருக்குத் தெரிகிறது?

"அதெல்லாம் சரிங்க, லீவும் இல்லை, காசும் இல்லை" என்பார்கள். நியாயமான பதில்தான். பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் மாணவனிடம் இரண்டு இரவு ஓட்டலில் தங்கச் சொல்வது அநியாயம். ஆனால் நேரம் குறைவாக இருந்தால் தூரத்தை அல்லவா குறைக்க வேண்டும்? வேகத்தை ஏன் கூட்ட வேண்டும்? ஒரு நாள்தான் இருக்கிறதா, லார்ன் வரை போய்த் திரும்பினால் போதும். கையால் வெட்டிய சாலை, நினைவு வளைவு, கடல் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. கார் எடுக்க வசதி இல்லையா, ஜீலாங் வரை ரயில், அங்கிருந்து அப்போலோ பே வரை பேருந்து. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவருக்குக் கிடைக்காத காட்சி கிடைக்கும். பாறைத் தூண்கள் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும். ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும்!

"சுற்றுலாவுக்காகவே கட்டிய சாலைதானே, எப்படிப் பார்த்தால் என்ன?" என்பது இன்னொரு வாதம். பாதி உண்மை. பயணிகள் வர வேண்டும் என்று ஹிட்ச்காக்கும் ஆசைப்பட்டார். 1936 வரை வண்டிகளுக்குச் சுங்கம்கூட வசூலித்தார்கள். ஆனால் அன்று வந்தவர்கள் லார்னில் தங்கினார்கள், சாப்பிட்டார்கள், ஊருக்கு ஏதோ கொடுத்தார்கள். இன்றைய ஒரு நாள் கூட்டம் அந்தச் சிற்றூர்களுக்குத் தருவது என்ன? குப்பை, கழிப்பறை வரிசை, வாகன நெரிசல். பணம் போவது மெல்போர்னில் இருக்கும் வாடகைக் கார் கடைக்கு.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. பதினான்கு மணி நேரம் விழித்திருந்தவன், பழக்கமில்லாத சாலையில், கங்காரு குறுக்கே பாயும் அந்தி நேரத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித் திரும்புகிறான். கூட வந்த மூன்று பேரும் தூங்குகிறார்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இது தெரிந்தால் விடுவாளா?

அந்தக் கரை அடிப்படையில் ஈஸ்டர்ன் மார், வடவுரங் என்ற ஆதிக்குடிகளின் மண். 2020இல் விக்டோரியா மாநிலம் இயற்றிய சட்டம், இந்தச் சாலையையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் கடலையும் உயிருள்ள ஒரே முழுமையாக அங்கீகரிக்கிறது. சட்டமே உயிருள்ளது என்று சொல்லும் ஒன்றை ஒன்பது மணிக்கு வந்தோம், ஐந்து மணிக்குக் கிளம்பினோம் என்று பார்ப்பது, பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அவரோடு படம் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவது மாதிரி.

3,000 பேர் 13 வருடம் வெட்டிய சாலை. அதில் முப்பது கிலோமீட்டரையாவது நிதானமாகப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?