கம்பி கட்டினவருக்கும் பொறுப்பு இருக்கு

கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிட வாசலில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி நிற்கும். அதில் '2.1 மீற்றர்' எண்டு எழுதியிருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. பக்கத்தில் இன்னொரு பலகை: 'சேதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' இரண்டையும் சேர்த்து வாசித்தால் விளங்குவது ஒண்டுதான்: இடிச்சா அது உங்கட பிழை.

கம்பி தேவைதான். நிலக்கீழ்த் தளங்களில் தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய், மின்வயர் எல்லாம் ஓடும். உயரமான வாகனம் உள்ளே போய் அவற்றில் மோதுவதைவிட வாசலிலேயே நிற்பது நல்லம். ஆனா கம்பியை நட்டதோட கடமை முடிஞ்சுது எண்டு நினைக்கிறதைத்தான் ஏற்க முடியாது.

அமெரிக்காவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. அதைக் காப்பாற்ற முன்னால் ஒரு இரும்பு உத்தரம் போட்டிருந்தார்கள். எச்சரிக்கைப் பலகை, மின்னும் விளக்கு எல்லாம் இருந்தும் லொறிகளின் கூரை உரிந்துகொண்டே இருந்தது. 2019 இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் இடிச்சவை. உத்தரம் பாலத்தைக் காப்பாற்றியது, லொறியை அல்ல.

பலகையில் இலக்கம் இருந்தால் மட்டும் காணாது. தன் வாகனத்தின் உயரம் சாரதிக்குத் தெரியவேணும். உயர்கூரை கேடிஎச் வான் ஏறத்தாழ 2.28 மீற்றர்; 2.1 க்குள் போகாது. அதை ஓட்டுற எத்தனை பேருக்கு அந்தக் கணக்குத் தெரியும்? அதனால்தான் எச்சரிக்கை வீதியிலேயே தொடங்கவேணும். திரும்பிப் போக இடம் விடவேணும். கம்பிக்கு முன்னால் அதே உயரத்தில் ஆடுகிற சங்கிலியைத் தொங்கவிட்டால், அது கூரையில் தட்டிச் சத்தம் போடும், சேதம் வராது. இரவில் கம்பிக்கு வெளிச்சம் வேணும். திறந்து மூடுகிற கம்பியெண்டால், திறந்த நிலையிலும் பூட்டி வைக்கவேணும். இல்லாட்டி காற்றுக்கு அசைந்து, அதன் நுனி வருகிற வாகனத்தின் கண்ணாடிக்கு நேரே நிற்கும்.

'பொறுப்பல்ல' பலகைக்கு வருவம். நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் எங்கட நாட்டில் இருக்கு. அலட்சியத்தால் ஒருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால், அறிவித்தல் ஒன்றை ஒட்டி அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. எங்களில் கனபேர் பலகையைப் பார்த்தே வாயை மூடிக்கொள்ளுறம்.

இன்னொரு கேள்வி: கம்பி ஆரை வெளியில் நிறுத்துது? சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வான்கள் உயரமானவை. பிரித்தானியத் தர வழிகாட்டல், மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிடத்துக்குப் போகும் பாதைக்கு 2.6 மீற்றர் கேட்கிறது. அங்கே தீயணைப்பு வண்டி போகிற பாதைக்கு 3.7 மீற்றர். பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கு எங்களிடமும் 2006 இலிருந்து ஒழுங்குவிதிகள் இருக்கு. படிக்கு அருகில் சாய்தளம் கட்டிவிட்டு, வாசலில் வானை மறித்தால் அந்தச் சாய்தளம் ஆருக்கு?

அடுத்தமுறை இப்படியொரு கம்பியைக் கண்டால் காவலாளியிடம் ஒண்டு கேளுங்கோ: "அண்ணை, இரவில நெருப்புப் பிடிச்சா இதின்ர திறப்பு ஆரிட்ட?" பதில் வர நேரம் எடுத்தால், அதை நிர்வாகத்துக்கு எழுத்தில் குடுங்கோ.