லாரிக்குள் ஒரு பாட்டுப்பெட்டி

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், சூரமங்கலத்தில் இரயில் நிலையத்திற்கு அண்மையிலுள்ள எம் இல்லத்திற்கு முதிய தாய் ஒருவர் மிகுந்த சினத்தோடு வந்தார். அவருடைய மகன் லாரி ஓட்டுநர். கடன்பட்டு வாங்கிய பழைய வண்டிக்கு மாதத் தவணையே இன்னும் முடியவில்லை; அதற்குள் பாட்டுப்பெட்டியும் நான்கு ஸ்பீக்கர்களும் வாங்கி வந்துவிட்டாராம்.

“நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க ஐயா. பாட்டக் கேட்டுக்கிட்டே கண்ண மூடிட்டான்னா நான் யாருகிட்டப் போயி அழுவேன்?”

மகனோ வாயிற்படியிலேயே நின்றார். “பாட்டு இல்லீன்னாத்தானுங்க தூக்கம் வருது. ராத்திரியில தனியா ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

வாசக அன்பர்களே, இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்றே எமக்குத் தோன்றியது. காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை நம் சேலத்தின் வழியே செல்கின்றது. அச்சாலையில் வடநாடு சென்று திரும்பும் ஓட்டுநருக்குக் கேபினே சமையலறை, படுக்கையறை, பூசையறை எல்லாம். வீட்டில் ஒரு வானொலி வைத்துக்கொள்வதை நாம் ஆடம்பரம் என்று சொல்வதில்லையே! (வானொலிப் பெட்டிக்கு அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள்.) 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் கையடக்க ஒலிநாடாவை அறிமுகப்படுத்தியது, பின்னாளில் அது லாரிகளிலும் ஏறிற்று. இன்று அவ்விடத்தில் பென்டிரைவும் கைப்பேசியும் அமர்ந்திருக்கின்றன.

ஆகவே, பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று வழக்காடாமல், “எப்படிப் பொருத்தப்போகிறீர் தம்பி?” என்று கேட்டோம். “நடுவுல ஒரு வயர் இழுத்துக்கலாம்னு சொன்னாங்க” என்றார். அந்த விடைதான் எம்மைத் திடுக்கிடச் செய்தது.

கடையில் விற்கும் பாட்டுப்பெட்டிகளிற் பெரும்பாலானவை கார்களுக்கென 12 வோல்ட்டில் இயங்குபவை. கனரக லாரிகளிலோ பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக ஆக்கியிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது அது 28 வோல்ட் வரை உயரும். அதில் கார் பெட்டியை நேரே இணைத்தால் ஒரு பாட்டும் கேட்குமுன்னே பெட்டி கருகிவிடும். சில லாரிகளில் 12 வோல்ட் மட்டுமே உண்டு. இரண்டு பேட்டரிகள் கண்ணிற் பட்டதாலேயே 24 என்று முடிவு கட்டிவிடாமல், மீட்டர் வைத்து அளந்து பார்ப்பதே முறை.

இதற்குச் சிலர் காணும் குறுக்குவழிதான் அந்த ‘நடு வயர்’. இரண்டு பேட்டரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவிக்கொள்வது. செலவில்லை, பாட்டும் உடனே கேட்கும். ஆனால் ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரிகளையும் ஒன்றாகவே பாவித்து ஒரே மின்னோட்டத்தை அனுப்புகின்றது. பெட்டிக்குக் கொடுத்து இளைத்த பேட்டரி முழுமையாக நிறைவதில்லை. கொடாத மற்றதோ அளவுக்கு மிஞ்சி ஏற்றம் பெற்றுச் சூடேறி, நீர் வற்றிப் போகின்றது. உழைப்பவன் பட்டினி கிடக்க, உழையாதவன் உண்டு நோயுறும் குடும்பம் போன்றதே இது. சில மாதங்களில் இரண்டையுமே மாற்றவேண்டி வரும். கன்வர்ட்டர் விலையை மிச்சம் பிடித்தவர் இரண்டு பேட்டரிகளின் விலையைக் கொடுக்கிறார்.

24 வோல்ட்டை 12 ஆகக் குறைத்துத் தரும் கன்வர்ட்டர் ஒன்றை வைத்தால், சுமை இரண்டு பேட்டரிகள் மீதும் சமமாக விழும். பெட்டியின் பியூஸ் 10 ஆம்பியர் என்றால், கன்வர்ட்டர் அதற்கும் சற்று மேலாகவே தாங்கவேண்டும். அது சூடேறும் பொருள். மெத்தைக்கு அடியில் ஒளித்து வைக்கலாகாது.

இங்கே அந்த இளைஞர் ஒரு பழைய நிகழ்ச்சியைக் கூறினார். முன்பு அவர் கூலிக்கு ஓட்டிய வண்டியில் யாரோ பொருத்திய பெட்டியின் வயர், இரும்புத் தகட்டிலிருந்த துளையில் உராய்ந்து உராய்ந்து மேலுறை தேய்ந்துவிட்டதாம். நள்ளிரவில் டேஷ்போர்டின் பின்னிருந்து புகை வந்தது. கிளீனர் பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்கினார். கேபினுக்குள் பலகை, ரெக்ஸின், பஞ்சு மெத்தை என எல்லாமே தீக்கு விருந்தானவை. தாயார் இதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார் போலும். அவர் முகம் வெளுத்துவிட்டது.

பியூஸ் அந்த வயரிலும் இருக்கத்தான் செய்தது. ஆனால் பெட்டியின் அருகில் இருந்தது! பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட வயர் தகட்டில் பட்டால், அந்தப் பியூஸால் ஒரு பயனும் இல்லை. பேட்டரியை விட்டு வயர் புறப்படும் இடத்திலேயே, ஒரு சாண் தொலைவுக்குள், ஒரு பியூஸ் வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இடவேண்டும். கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு லாரியின் அதிர்விலும் வெயிலிலும் நெடுநாள் நில்லாது, பற்றவைப்பதே நலம். ஸ்பீக்கரின் ஒரு வயரை வண்டியின் உடலோடு இணைக்கும் பழைய வழக்கமும் இக்காலப் பெட்டிகளுக்கு ஆகாது; உள்ளிருக்கும் பாகம் எரிந்துபோகும்.

இனித் தாயாரின் அச்சத்திற்கு வருவோம். பாட்டு தூக்கத்தை விரட்டுமா, வரவழைக்குமா? இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உறக்கம் குறைந்தவர்களை வண்டி ஓட்டும் மாதிரிக் கருவியில் அமர்த்திச் சோதித்தனர். வானொலியும் முகத்தில் படும் குளிர்காற்றும் சிறிது நேரமே உதவின. வண்டியை நிறுத்தத் தக்க இடம் தேடும் வரைக்கும்தான் அவற்றை நம்பலாம். நிறுத்தியபின் வேண்டியவை காப்பியும் குட்டித் தூக்கமுமே என்றனர். ஆக, மகன் சொன்னதிலும் பாதிதான் உண்மை.

ஓசையைப் பற்றியும் சொன்னோம். பின்னோக்கி எடுக்கையில் கிளீனர் பலகையைத் தட்டும் ஒலி, பிரேக்கில் காற்றுக் கசியும் ஒலி, ஆம்புலன்சின் ஒலி ஆகியவை ஓட்டுநரின் காதுக்கு எட்டியாக வேண்டும். 2025 அக்டோபர் முதல் தேதிக்குப்பின் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று அரசு விதித்துள்ளது. நல்லதே, ஆயினும் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியோசை இன்னும் மங்கும்.

இளைஞர் நான்கு ஸ்பீக்கர்களில் இரண்டைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அப்பணத்தோடு சிறிது சேர்த்துக் கன்வர்ட்டர் வாங்கினார். வேலை முடிந்த அன்று தாயாரையும் கேபினில் ஏற்றி அமர்த்தினார். அவர் பாட்டைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஓசையைக் குறைக்கும் பொத்தான் எதுவென்று மட்டும் கேட்டு, அதைத் தாமே இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.