செயின் பறிப்பு எந்தக் கணக்கில் சேரும்?

‘சென்னையில் வழிப்பறி குறைந்தது’ என்று ஒரு நாள் செய்தி வரும். அடுத்த மாதமே ‘வழிப்பறி அதிகரிப்பு, மக்கள் அச்சம்’ என்று இன்னொன்று வரும். இரண்டுக்கும் தலைப்பு வைப்பது எங்களைப் போன்ற டெஸ்க் ஆட்கள்தான். ஆனால், அந்த எண் உருவாகும் இடம் போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர் எழுதுகிற மேஜை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். பையில் இருந்த செல்போனை யாரோ நைசாக உருவிவிட்டால், அது திருட்டு. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303. கையில் இருந்ததை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பைக்கில் பறந்தால், அது பறிப்பு, பிரிவு 304. இந்தப் பிரிவு 2024 ஜூலை 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. பழைய ஐ.பி.சி-யில் பறிப்புக்கென்று தனிப் பிரிவே கிடையாது. கத்தியைக் காட்டி மிரட்டிப் பிடுங்கினால் வழிப்பறி, பிரிவு 309. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, பிரிவு 310.

போனது ஒரே செல்போன்தான். ஆனால் பறிப்புக்கு 3 ஆண்டு வரை சிறை, வழிப்பறிக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல். செயினை இழுத்ததில் கழுத்து அறுபட்டு, ஸ்கூட்டரிலிருந்து ஓர் அம்மா கீழே விழுந்தால் அது பறிப்பா, வழிப்பறியா? புகாரில் என்ன எழுதியிருக்கிறது, எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. காயத்தைப் புகாரில் எழுதாமல் விட்டால், அது கணக்கிலும் வராது.

இன்னும் சிலருக்கு எஃப்.ஐ.ஆரே இருக்காது. மனு ரசீது என்கிற சி.எஸ்.ஆர் மட்டும் கையில் இருக்கும். அதில் ஸ்டேஷன் முத்திரை இருப்பதால், கேஸ் போட்டாச்சு என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவதோ பதிவான வழக்குகளை மட்டும். சி.எஸ்.ஆரோடு நின்றுபோன புகார் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. ‘செல்போன் காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அது குற்றமே இல்லை, தொலைந்த பொருள்.

அந்தப் புத்தகத்துக்கும் சில வழக்கங்கள் உண்டு. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், பெரிய குற்றத்தை மட்டும் எண்ணுவார்கள். நகைக்காக ஒருவரைக் கொலை செய்தால் கொலைக் கணக்கில் ஒன்று கூடும், கொள்ளைக் கணக்கில் கூடாது. பெருநகரங்கள் என்று 19 நகரங்களை வரிசைப்படுத்தி, லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்று போடுகிறார்கள். அதற்கு எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் உள்ளது. சென்னைக்குச் சுமார் 87 லட்சம். ஓ.எம்.ஆர் பக்கம் அதற்குப் பிறகு முளைத்த அபார்ட்மென்ட்களை நினைத்துப் பாருங்கள்!

டெல்லி போலீஸ் தன் ஆண்டுக் கணக்கில் பறிப்பைத் தனி வரியாகவும், வழிப்பறியைத் தனி வரியாகவும் காட்டுகிறது. எந்த வரியை எடுத்து எந்த ஊரோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்காமல் ‘டெல்லியைவிட சென்னை பரவாயில்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வது வீண் வேலை. வழக்குப் பதிவு கூடினால் குற்றம் கூடிவிட்டதாக அர்த்தமில்லை என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. ஒழுங்காக எஃப்.ஐ.ஆர் போடுகிற ஸ்டேஷனின் கணக்குதான் மோசமாகத் தெரியும். அந்த ஸ்டேஷனை நாம் திட்டுவது நியாயமா?

அதனால், பறிகொடுத்தவர்கள் புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பிடுங்கினார்களா, மிரட்டினார்களா, எங்கே அடிபட்டது என்பதெல்லாம் இருக்கட்டும். கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘எங்க லிமிட் இல்லை’ என்றும் திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் கொடுத்தால் 3 நாள்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்து போட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். வாங்கியதும் அதில் பிரிவு 303-ஆ, 304-ஆ, 309-ஆ என்று பாருங்கள்.