மீண்டும் நடிக்க வருகிறவருக்கு நடுக்கம் ஏன்?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். சீனர்கள் நிறையக் குடியிருக்கும் பகுதி. அங்கே இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஒரு படத்துக்குச் சிறுவன் வேண்டும். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து நடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

ஒரு பையன் தம்பிக்குத் துணையாக வந்திருந்தான். நடிக்க வந்தவன் தம்பிதான். ஆனால், அண்ணன் சும்மா நிற்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இப்படிச் செய், அப்படிச் செய் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தான். தேர்வு செய்ய வந்தவரின் கண் அண்ணன் மேல் விழுந்தது. அவனையும் நடித்துக் காட்டச் சொன்னார்கள். நடித்தான். வேடம் அவனுக்கே கிடைத்துவிட்டது!

அவன் பெயர் கீ ஹூய் குவான். அப்போது அவனுக்கு 12 வயதுகூட நிரம்பவில்லை. பயப்பட அவனுக்கு நேரம் ஏது? வேடத்தை எதிர்பார்த்து வந்தவன் அல்லவே!

அதே குவான் பல வருடம் கழித்து மறுபடியும் ஒரு தேர்வுக்குப் போனார். இப்போது அவருக்கு வயது 50-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நடுக்கம் வந்தது.

சிறுவனாக இருந்தபோது வராத நடுக்கம், பெரியவரான பிறகு ஏன் வந்தது?

படகில் வந்த குடும்பம்

குவான் பிறந்தது வியட்நாமில், 1971-ல். அவருடைய குடும்பம் 1978-ல் நாட்டை விட்டுப் படகில் புறப்பட்டது. அப்பாவும் சில பிள்ளைகளும் ஹாங்காங் அகதி முகாமில். அம்மாவும் மற்றப் பிள்ளைகளும் மலேசியாவில். 1979-ல் எல்லாரும் அமெரிக்காவில் ஒன்று சேர்ந்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத் தேர்வில் கிடைத்த படம் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆப் டூம்'. 1984-ல் வெளிவந்தது. கதை நடப்பது இந்தியாவில். படம் பிடித்ததோ இலங்கையில், கண்டிப் பக்கம். அதில் வில்லன் யார் தெரியுமா? நம் 'தளபதி'யில் கலிவரதனாக வந்து மிரட்டினாரே, அந்த அமரீஷ் பூரிதான்! கதாநாயகன் ஹாரிசன் போர்டு. அவருக்குத் துணையாக வரும் சுட்டிப் பையன் குவான்.

அடுத்த வருடமே 'தி கூனீஸ்'. அதுவும் பேர் வாங்கிய படம்.

பிறகு வேடங்கள் குறைந்தன. பையன் வாலிபன் ஆனான். ஆசிய முகம் உள்ள வாலிபனுக்கு அந்தக் காலத்து ஹாலிவுட்டில் வேடம் எங்கே இருந்தது? இருந்தாலும் நாலு வரி வசனம்தான். அவர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமாத் தொழில் படித்தார். கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார். 2000-ல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தில் சண்டைக்காட்சி வேலை. 2004-ல் வந்த '2046' படத்தில் உதவி டைரக்டர்.

நம் ஊர் பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்களுக்கு இந்தக் கதை புதிது அல்ல. நன்றாகப் பாடி நடிக்கும் பையனுக்கு மகரக்கட்டு வந்துவிடும். குரல் உடையும். நேற்றுவரை கைதட்டல் வாங்கியவன் இன்று ஓரத்தில் நிற்பான். குரல் தெளிந்து திரும்பி வரும்போது, அவன் இடத்தில் இன்னொரு பையன் நிற்பான்.

2018-ல் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' என்ற படம் வந்தது. நடித்தவர்கள் பெரும்பாலும் ஆசியர்கள். அதைப் பார்த்த குவானுக்குப் பழைய ஆசை கிளம்பியது. மீண்டும் நடிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

புதியவனுக்கு இல்லாத சுமை

முதல் முறை வருகிறவனுக்குத் தோற்றால் என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. அவனை யாருக்கும் தெரியாது. திரும்பி வருகிறவர் கதை வேறு. அவருடைய பழைய முகமே அவருக்கு எதிரி. "அன்று எப்படி இருந்தவர், இன்று இப்படி ஆகிவிட்டாரே" என்று சொல்வார்களோ என்ற கவலை. வசனம் முன்போல் மனத்தில் நிற்குமா என்ற சந்தேகம். தன்னைவிட இளையவர்கள் எதிரே உட்கார்ந்து எடைபோடுகிறார்களே என்ற கூச்சம். இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் கால் நடுங்காமல் என்ன செய்யும்?

ஆகவே, நடுங்குகிறவரைப் பார்த்துத் திறமை போய்விட்டது என்று நினைப்பது தவறு. அவருக்குத் தொழில்மேல் அக்கறை இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

லாரன்ஸ் ஒலிவியர் என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பார்கள். இங்கிலாந்தின் மிகப் பெரிய நாடக நடிகர். அவருக்கே 1964-ல், 57-வது வயதில், மேடைப்பயம் பிடித்துக்கொண்டது! ஏறக்குறைய 5 வருடம் விடவில்லை. உடன் நடிப்பவர்களிடம், தன் கண்ணைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 'ஒதெல்லோ' நாடகத்தில் மேடையில் தனியாக நிற்க வேண்டிய கட்டம் வந்தால், சக நடிகர் ஒருவர் தன் கண்ணில் படும்படி ஓரத்தில் நிற்க வேண்டும் என்றார். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த 5 வருடமும் அவர் நடிப்பை விட்டுவிடவில்லை. நடுங்கிக்கொண்டே நடித்தார். பயம் ஒருநாள் போய்விட்டது.

படபடப்பை என்ன செய்வது?

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு கூடுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிறது. பாவம், அதற்குத் தெரியுமா இது வெறும் நடிப்புத் தேர்வு என்று!

"பயப்படாதே, அமைதியாக இரு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது வழக்கம். இதனால் பெரிய பலன் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பாடப் போகிறவர்களையும் பேசப் போகிறவர்களையும் வைத்துச் சோதித்தார். 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது. பயத்திலும் நெஞ்சு அடிக்கிறது. குதூகலத்திலும் அடிக்கிறது. திருவிழாவுக்குப் புறப்படும் குழந்தைக்கும் இதே படபடப்புத்தான்! அடிக்கிற நெஞ்சை நிறுத்த முடியாது. அதற்கு வேறு பெயர் வைக்கலாம்.

மூச்சும் உதவும். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். நாலைந்து தடவை செய்தாலே படபடப்புக் கொஞ்சம் இறங்கும். தண்ணீர் ஒரு மடக்கு. காபி வேண்டாம். அது நெஞ்சடிப்பைக் கூட்டும்.

இவையெல்லாம் வாசலில் நிற்கும் நேரத்துக்கு. உண்மையான மருந்து வீட்டில் இருக்கிறது. அது ஒத்திகை.

வசனத்தைப் பாத்திரம் துலக்கும்போதும் சொல்லத் தெரிய வேண்டும், பஸ்ஸில் போகும்போதும் சொல்லத் தெரிய வேண்டும். ஒரே ராகத்தில் உருப்போடுவதும் கூடாது. யாரிடம் பேசுகிறோம், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்று தெரிந்து பேச வேண்டும். கவனம் எதிராளியின் மேல் போய்விட்டால், தன்னைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

குவான் இதில் வெட்கம் பார்க்கவில்லை. சின்ன வயதிலேயே பேர் வாங்கியவர்தான். ஆனாலும் வேடம் கிடைத்த பிறகு நடிப்புக்கு ஒரு வாத்தியார், வசனத்துக்கு ஒரு வாத்தியார், உடல் அசைவுக்கு ஒரு வாத்தியார் என்று வைத்துக்கொண்டார். படத்தில் ஒரே மனிதன் மூன்று விதமாக வருகிறான். ஒன்றுக்கு அணிலைப் போல, ஒன்றுக்குக் கழுகைப் போல, ஒன்றுக்கு நரியைப் போல நின்று நடந்து பழகினார். 50 வயதை நெருங்கும்போது மாணவனாக உட்காருவது எல்லாருக்கும் வருமா?

தேர்வில் தடுமாறிவிட்டால், "மன்னிக்கவும், மறுபடி தொடங்குகிறேன்" என்று கேட்கலாம். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். குழந்தை வளர்த்தேன், கடை வைத்தேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று உள்ளதைச் சொல்லலாம். அந்த வருடங்கள் வீண் போனவை அல்ல. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது விடிய விடிய விழித்திருந்தவளுக்குத் தாய் வேடத்தை யார் கற்றுத் தர வேண்டும்?

எல்லாருக்கும் கதவு திறக்குமா?

சிலருக்குத் தேர்வே இல்லை. கே.பி. சுந்தராம்பாள் 1933-ல் கணவர் கிட்டப்பாவை இழந்து மேடையை விட்டு ஒதுங்கினார். அவரைத் தேடி வந்து, ரூ.1 லட்சம் கொடுத்து 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க வைத்தார்கள். படம் வந்தது 1935-ல். அந்தக் காலத்து லட்சம்! ஜோதிகா கல்யாணத்துக்குப் பின் ஒதுங்கியிருந்து, 2015-ல் '36 வயதினிலே' படத்தில் திரும்பினார். கணவர் சூர்யாவே தயாரித்தார். இவர்களுக்கும் மனத்தில் பயம் இருந்திருக்கலாம். ஆனால், வரிசையில் நிற்கும் வேலை இல்லை.

வரிசையில் நிற்பவர்கள் மற்றவர்கள். காலை 9 மணிக்கு வரச் சொல்லிவிட்டு, மாலை 4 மணிக்குக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே நடித்துக் கொண்டிருக்கும்போது செல்போனைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். சொல்லியனுப்ப மாட்டார்கள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நடுக்கத்தைப் போக்கிக்கொள்ளும் பொறுப்பு நடிகருடையது மட்டும் அல்ல. ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து, நேரத்துக்குக் கூப்பிட்டால் பாதி நடுக்கம் போய்விடும்.

தேர்வுக்குப் பணம் கட்டு என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் எதற்குக் கட்டணம் கேட்கிறார்கள்?

இன்று பல தேர்வுகள் வீட்டிலேயே நடக்கின்றன. செல்போனில் நடித்து அனுப்பச் சொல்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். பின்னால் வெறும் சுவர் போதும். செல்போன் கண் உயரத்தில் இருக்கட்டும். எதிர் வசனத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இங்கேதான் குடும்பம் வருகிறது. கணவன் சொல்லலாம், மகள் சொல்லலாம், பாட்டியும் சொல்லலாம். சிரிக்காமல் சொன்னால் சரி! "இந்த வயதில் இது உனக்குத் தேவையா?" என்ற ஒரு கேள்வி போதும், மாதக்கணக்காகச் சேர்த்த தைரியம் கரைந்துவிடும்.

குவான் வீட்டில் அந்தக் கேள்வி எழவில்லை. அவருடைய நேரம் வரும் என்று மனைவி வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

காத்திருந்த நாட்கள்

தேர்வு முடிந்தது. குவானுக்கு வாரக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. போயிற்று என்றே நினைத்தார். பிறகு மறுபடி அழைத்தார்கள். மறுபடி நடித்தார். வேடம் கிடைத்தது. ஒப்பந்தம் பேசியவர் வழக்கறிஞர் ஜெப் கோஹன். அவர் வேறு யாரும் அல்ல, 'தி கூனீஸ்' படத்தில் உடன் நடித்த பழைய பையன்!

அதோடு துன்பம் தீர்ந்ததா? படப்பிடிப்பு முடியும்போது கொரோனா வந்துவிட்டது. படம் பெட்டிக்குள் கிடந்தது. குவான் வேறு வேடங்களுக்கு முயன்றார். ஒன்றும் அமையவில்லை. மருத்துவக் காப்பீடுகூடக் கைவிட்டுப் போனது.

'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' 2022-ல் வெளிவந்தது. 2023 மார்ச் 12-ந் தேதி ஆஸ்கார் விழா. முதுமலை யானைகளையும் பொம்மன், பெள்ளி தம்பதியையும் காட்டிய 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' பரிசு பெற்ற அதே விழாதான். சிறந்த துணை நடிகராகக் குவான் பெயரை வாசித்தார்கள். 51 வயதுக்காரர் மேடையில் நின்று அழுதார். 84 வயது அம்மா வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிவில் சிறந்த படத்துக்கான உறையைப் பிரிக்க ஒருவர் மேடைக்கு வந்தார். ஹாரிசன் போர்டு! பரிசு குவான் நடித்த படத்துக்கே. குவான் மேடைக்கு ஓடினார். கண்டி மலைப்பக்கம் தன்னோடு நடித்த மனிதரை, 40 வருடம் கழித்து, எல்லார் முன்னாலும் சிறு பையனைப் போலக் கட்டிக்கொண்டார்.